நோய் சுமக்கும் அசுவினியும் அதை அழிக்கும் பூஞ்சாணமும்

முல்லைப் பெரியாற்றின் நீர் 1895ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்து வந்து பாயும் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பிரதேசத்தில் நெல்லும் வாழையும் திராட்சையும் விளைய, அதற்கு நேர்மேற்கே உயர்ந்து நிற்கும் மலைகளின் நிழற்சோலைகளில் ஏலம் விளைகிறது. கேரள எல்லைக்குள் கிடக்கும் அந்த ஏலக்காடுகளுக்குக் கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய பாதைகளின் வழியே விடியற்காலையில் ஜீப்பில் ஏறிச் சென்று அந்தியில் திரும்பும் தொழிலாளர்களும், அங்கே தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களில் கணிசமான பகுதியினரும் கீழ்நாட்டவரே. காய் பெருமளவு விலைபேசப்படுவதும் போடிநாயக்கனூரில்தான். ஆகவே வாழை, ஏலம் ஆகிய இரண்டும் ஒரே மக்களின் கைப்பயிர்கள். அவ்விரண்டுக்கும் பகையாய் வாய்த்த அசுவினிகளும் ஒரே குலத்தவை என்பது நினைவில் இருத்தத்தக்க செய்தி. வாழையில் வசிப்பது பென்டலோனியா நைக்ரோநெர்வோசா. ஏலத்திலும் சேம்பிலும் வசிப்பது அதன் நெருங்கிய உறவான பென்டலோனியா கலாடியை. இரண்டையும் ஒரே இனமென்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் கருதிவந்தார்கள்.

கடுகளவும் இல்லாத இந்தப் பூச்சி சாற்றை உறிஞ்சுவதால் பயிருக்கு நேரும் நஷ்டம் அற்பமே. அது சுமந்துவரும் வைரஸினால் நேரும் நாசம்தான் தோட்டத்தையே அழிப்பது. வாழைக்கு வருவது முடிக்கொத்து நோய்: இலைக்காம்பிலும் நடுநரம்பின் ஓரத்திலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றி, அடுத்தடுத்து விரியும் இலைகள் குறுகி, விளிம்பு வெளுத்து, நிமிர்ந்து, உச்சியில் ஒரே கொத்தாய் நெருங்கிவிடும். இளமையில் நோய் கண்ட மரம் தார் போடுவதில்லை. ஏலத்திற்கு வருவது கட்டே என்று வழங்கும் தேமல் நோய்: இளந்தளிரில் நடுநரம்பிலிருந்து விளிம்பு நோக்கி வெளிர்பச்சைக் கோடுகள் இணையாக ஓடும், பின்னர் தட்டை மெலிந்து, தூர் குன்றி, சில ஆண்டுகளில் செடி காய்ப்பற்றுப் போகும். இந்த வைரஸ்கள் செடிக்குள் புகுந்த பின் அவற்றை வெளியேற்றும் மருந்து உலகில் எங்கும் இல்லை. நோய்ச் செடியை அகற்றுவது, நோய் சுமக்கும் பூச்சியைக் குறைப்பது, நோயற்ற கன்றை நடுவது ஆகிய மூன்று வழிகளே விவசாயியின் கையில் இருக்கின்றன.

இந்த நோய்களை ஏதோ தூர தேசத்துச் சங்கதியாக எண்ணலாகாது. முடிக்கொத்து 1913இல் இலங்கையில் காணப்பட்டு, 1940 வாக்கில் கேரளத்தில் தோன்றி, அங்கிருந்து பரவியது. தேனிக்கு வடகிழக்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கும் பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில், பஞ்சாமிர்தத்திற்கு உயிரான விருப்பாச்சி வாழையைப் பயிரிட்டுவந்த பரப்பு பெருமளவு சுருங்கிப்போனதற்கு இந்த நோயே முதற் காரணம். அந்த மலைவாழைக்குப் புவிசார் குறியீடு கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே பல தோட்டங்களில் மலைவாழை இல்லாமற் போயிற்று. நம் கம்பம் பள்ளத்தாக்கில் திசுவளர்ப்பு ஜி-9 வாழை பரவியபின் கன்று மூலம் நோய் வருவது குறைந்திருக்கிறது. எனினும் வைரஸ் பரிசோதனை செய்யப்பட்ட கன்றை நட்டாலும், பக்கத்துத் தோட்டத்தில் வெட்டாமல் விட்ட ஒரு மரத்திலிருந்து இறகு முளைத்த அசுவினி பறந்துவருவதை யார் தடுப்பது? அதைத் தடுக்கும் உபாயங்களில் ஒன்றைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

பூஞ்சாணம் பூச்சியைக் கொல்லும் விதம்

புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா, வைரஸ் முதலியவற்றைப் பூச்சி தின்றாலொழிய அவை வேலை செய்யமாட்டா. அசுவினியோ இலையைத் தின்பதில்லை. ஊசிபோன்ற வாயைத் திசுவுக்குள் செருகி உள்ளிருக்கும் சாற்றை மட்டும் உறிஞ்சுவது. இலைமேல் எதைத் தெளித்தாலும் அதன் வயிற்றுக்குள் போகாது. பூஞ்சாணத்திற்கு வாய் வழி அவசியமில்லை. தோல் வழியே அது புகும். காற்றிலோ நீரிலோ வந்த வித்து பூச்சியின் உடலில் ஒட்டிக்கொண்டு, ஈரம் போதுமான அளவு இருந்தால் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் முளைத்து, புரதத்தையும் கொழுப்பையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, தோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. அங்கே உடல்நீரில் பெருகி, நச்சுப் பொருள்களை வெளியிட்டு, உணவைக் கவர்ந்து, மூன்று முதல் ஏழு நாளில் பூச்சியைக் கொல்கிறது. குளிர்ந்த மலைகளில் இன்னும் சில நாள் கூடும். இறந்த பூச்சியின் மேல் காற்று ஈரமாயிருக்குமானால் வெண்மையாகவோ பச்சையாகவோ பூஞ்சாணம் வெளிவந்து புதிய வித்துகளைத் தாங்கும்; அவை அருகிலுள்ள பூச்சிகளைத் தொற்றும். தெளித்த மருந்து தானே விருத்தியாவது ரசாயன விஷங்களுக்கு வாய்க்காத குணம்.

அசுவினிக்கு எதிராக நம் நாட்டில் மிகுதியும் பிரயோகமாவது வெர்டிசிலியம் லெக்கானி. லெகானிசில்லியம் என்றும் அகாந்தோமைசஸ் என்றும் விஞ்ஞானிகள் இதன் பெயரை மாற்றியிருந்தாலும் கடைப் பொட்டலத்தில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. ஜாவாவில் காப்பிச் செடியின் செதில்பூச்சிமேல் வளர்ந்திருந்த இதைச் சிம்மர்மான் என்பவர் 1898இல் விவரித்தார். இதற்கு அடுத்தது பிவேரியா பேசியானா. அதற்கடுத்தது 1879இல் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ் கோதுமை வண்டுகளின்மேல் ஆராய்ந்த மெட்டாரைசியம். தோட்டம் வைத்திருப்போர் அறியவேண்டிய இன்னொன்று, ஏலப்பேனிலிருந்து பிரித்தெடுத்துக் கோழிக்கோட்டு இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்த லெகானிசில்லியம் சல்லியோட்டே. ஏலப்பேன் கட்டே நோயைப் பரப்புவதில்லையாதலால் அது இங்கே நம் விஷயத்திற்குப் புறம்பானது; ஆனால் ஏலக்காட்டின் ஈரமும் நிழலும் பூஞ்சாணத்திற்கு எவ்வளவு உகந்தவை என்பதற்கு அது பிரத்தியட்ச சாட்சி.

இலங்கையில் பேராதனையில் பணியாற்றிய டாம் பெட்ச் என்னும் ஆங்கிலேயப் பூஞ்சாணவியலாளர், பூச்சிகளின்மேல் வளரும் பூஞ்சாணங்களை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிகுந்த சிரத்தையோடு ஆராய்ந்தவர். அவற்றை மனிதர் கையால் பரப்புவதில் பெரும் பயன் விளையுமா என்பதில் அவருக்குப் பலத்த சந்தேகம் இருந்தது. காற்றின் ஈரமும் உஷ்ணமும் இணங்கும் இடத்தில் அது தானாகவே பரவுகிறது, இணங்காத இடத்தில் தூவினாலும் முளைப்பதில்லை என்பது அந்தச் சந்தேகத்தின் சாரம். பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிகளைப் படிப்பவர் இதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இன்று வித்துகளைப் பெருக்கவும் காக்கவும் வசதி கூடியிருக்கிறது. ஆனால் பூஞ்சாணத்தின் சுபாவம் மாறிவிடவில்லை.

நோயின் காலமும் பூஞ்சாணத்தின் காலமும்

பூஞ்சாணம் தாமதமாகக் கொல்வது என்பதைக் குறையாகவே பலரும் சொல்லுகிறார்கள். தெளித்த மறுநாள் தோட்டத்துக்குப் போய், அசுவினி உயிரோடு ஊர்வதைக் கண்டு, 'மருந்து வேலை செய்யவில்லை' என்று விஷத்தை வாங்கி அடித்துவிடுவது அடிக்கடி நடப்பது. அந்தத் தாமதம் குறையா, குறையல்லவா என்பதை நிர்ணயிப்பது பூச்சி அல்ல, அது சுமக்கும் நோய். இந்தச் சூட்சுமம் விளங்காமல் பூஞ்சாணத்தைப் பிரயோகிப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மலேரியாவை எடுத்துக்கொள்வோம். கொசுவின் வயிற்றுக்குள் புகுந்த கிருமி முதிர்ந்து, அடுத்த மனிதனைத் தொற்றும் நிலையை அடைய ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகிறது. அதற்குள் கொசு இறந்துவிட்டால் போதும். ஒரு வாரம் தாமதித்துக் கொல்லும் பூஞ்சாணமும் நோயைத் தடுத்துவிடும். தான்சானியா நாட்டுக் கிராமம் ஒன்றில் மெட்டாரைசியம் வித்தேற்றிய பருத்தித் துணியை வீடுகளுக்குள் தொங்கவிட்டுச் செய்த ஆராய்ச்சி 2005இல் வெளிவந்தபோது உலகம் அதைக் கவனித்தது இந்தக் காரணத்தால்தான். அர்ஜென்டினாவில் சாகஸ் என்னும் கொடிய நோயைப் பரப்பும் ரத்தம் உறிஞ்சும் பூச்சிகள் பைரித்ராய்டு விஷத்துக்கு அசையாமல் நின்றபோது, பிவேரியாவால் அவற்றைக் கொல்ல இயலும் என்று அந்நாட்டார் காட்டினார்கள்.

வாழையின் முடிக்கொத்து வைரஸுக்கும் இவ்வாறு ஒரு காலக்கணக்கு உண்டு. 1920களில் ஆஸ்திரேலியாவில் மேகீ என்பவர் தெளிவுபடுத்தியபடி இந்த நோயைச் சுமப்பது வாழை அசுவினியே. நோய் மரத்தில் சில மணி நேரமேனும் உறிஞ்சினால்தான் வைரஸ் அதன் உடலில் ஏறும். ஏறியபின் அதன் ஆயுளில் பெரும்பகுதி வரையில் அது வைரஸைச் சுமந்து மரத்துக்கு மரம் கொண்டுபோகும். ஆகவே ஆயுளைக் குறைப்பதால் அது தொற்றும் மரங்களின் எண்ணிக்கை குறைகிறது. கூட்டம் நெருங்கினால்தான் இறகுள்ள அசுவினி மிகுதியாகப் பிறக்கிறது; கூட்டத்தைக் கலைத்துவிட்டால் பறந்துபோகும் தூதர்களும் குறைகிறார்கள். வாழையில் பூஞ்சாணத்தின் பயன் இவ்விரண்டிலும் அடங்கியது.

ஏலத்தின் கட்டே நோயிலோ கணக்கு வேறு. நோய்ச் செடியில் அசுவினி சில நிமிஷம் வாயைச் செருகினாலே வைரஸ் அதன் ஊசியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியில் செருகிய மாத்திரத்தில் இறங்கிவிடும். அவ்வளவு வேகமாய்க் கடத்தப்படும் நோயை, நாலு நாளில் கொல்லும் பூஞ்சாணம் மட்டுமல்ல, நாலு மணி நேரத்தில் கொல்லும் விஷமும் தடுத்துவிடாது. ஏலக்காட்டில் முதல் மருந்து நோய்ச் செடியைத் தூரோடு பிடுங்குவதே. பூஞ்சாணம் அதற்குத் துணையாய் அசுவினி விருத்தியை அடக்கிவைப்பது. பிடுங்காமல் தெளிப்பவர் பணத்தைத் தண்ணீரில் கரைக்கிறார் என்றே சொல்வேன்.

ஆயினும் விஷத்தை விட்டுப் பூஞ்சாணத்தை ஏன் நாடவேண்டும்? ஏலத்தோட்டங்களில் ஆண்டு முழுதும் அடிக்கப்படும் விஷங்களின் எச்சம் காயில் தங்குவதால் வெளிநாட்டு வியாபாரம் தடைப்பட்டதை வியாபாரிகள் அறிவார்கள். ஏலப்பூவில் மகரந்தம் சேர்ப்பது தேனீ. காலையில் பூ விரியும் தோட்டத்தில் அடித்த விஷம் தேனீயைக் கொன்றுவிட்டால், நோயற்ற செடியிலும் காய் பிடிக்காது. பொறிவண்டு முதலிய அசுவினி தின்னும் பிராணிகளும் அழிவதால் சில வாரங்களில் அசுவினி முன்னிலும் அதிகமாய்த் திரும்பும். இவற்றுக்கெல்லாம் மேலாக, முதுகில் தெளிப்பானைச் சுமந்து அந்தப் புகைக்குள் நடக்கும் கூலியாளின் உடல்நலத்தைத் தோட்டக்காரர் கருதவேண்டும். ஊர்கள்தோறும் அந்தத் தொழிலாளர்களைப் பார்த்துவருபவனுக்கு இது வெறும் வாதமாகத் தோன்றாது.

தெளிப்பதற்கு முன்

நோய் கண்ட வாழையை வெட்டுவதற்கு முன்னால் அதிலிருக்கும் அசுவினியைக் கொன்றுவிடவேண்டும். இல்லையேல் மரம் வாடத் தொடங்கியதும் அவை அண்டை மரங்களுக்கு ஊர்ந்தும் பறந்தும் போய் நோயை நாமே பரப்பியதாகும். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் பூஞ்சாணத்தை நம்பாதீர்கள்; ஒரு வாரம் காத்திருக்க நேரமில்லை. சோப்புக் கரைசலையோ மண்ணெண்ணெயையோ குருத்திலும் மட்டை இடுக்குகளிலும் ஊற்றி, அசுவினி இறந்தபின், கிழங்கும் பக்கக் கன்றுகளும் மிச்சமின்றித் தோண்டி எடுத்து அழிக்கவேண்டும். ஏலத்தில் நோய்த் தூரைக் கண்டவுடன் அடையாளமிட்டு, அன்றே பிடுங்கி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கலாம். தோட்டத்துக்குள்ளும் ஓடைக்கரையிலும் முளைத்திருக்கும் சேம்பு, வண்ணச்சேம்பு ஆகியவற்றை அகற்றவேண்டும். அசுவினி அங்கே தங்கிப் பெருகும். காய்ந்த தட்டைகளையும் உலர்ந்த மடல்களையும் கழித்துவிட்டால் அவற்றின் ஒளிவிடம் போய்விடும். பூஞ்சாணக் கரைசலும் உள்ளே சேரும். எறும்பு சாரை சாரையாய் ஏறும் மரத்தை முதலில் சோதியுங்கள். அசுவினியின் இனிப்புக் கழிவை நக்கவரும் எறும்பு, அதைப் பகைவரிடமிருந்து காப்பாற்றவும் செய்கிறது.

பருவம் அறிந்து தெளிப்பதில் பாதி வெற்றி இருக்கிறது. இந்தப் பூஞ்சாணங்களுக்கு 20 முதல் 30 டிகிரி உஷ்ணம் உகந்தது. 35க்கு மேல் வளர்ச்சி நின்றுவிடும். வெயிலின் புறஊதாக் கதிர் வித்துகளை விரைவில் கொன்றுவிடும். ஆகவே மாசி முதல் வைகாசி வரை பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் இதைத் தெளிப்பது வீண். ஆண்டிபட்டிப் பக்கத்து வறண்ட நிலத்தில் இன்னும் வீண். கூடலூர், லோயர் கேம்ப் பகுதிகளில் ஆனி, ஆடிச் சாரல் விழும் நாள்களும், எங்கும் பொதுவாக ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இடைப்பட்ட மேகமூட்ட நாள்களும் சிறந்தவை. மலைமேல் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் அசுவினி தானாகவே குறைந்திருக்கும். மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் பெருகும். அந்தப் பெருக்கத்திற்கு முன்பாக, காற்றில் ஈரம் எஞ்சியிருக்கும் வேளையில் தெளித்துவிடவேண்டும். வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிய அன்று மாலையில் தெளித்தால் அடிமரத்தருகே இரவு முழுதும் ஈரம் நிற்கும். செலவில்லாத இந்த உபாயத்தை அதிகம் பேர் கையாள்வதில்லை.

பொட்டலத்தின் தரத்தை வாங்குமுன் பாருங்கள். 1.15 சதவீத நனையும் தூளாக விற்பதில் ஒரு கிராமுக்கு 10 கோடி வித்துகளேனும் உயிரோடு இருக்கவேண்டும் என்பது விதி. பதிவு எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்; வெயில்படும் கடைமுன்றிலில் அடுக்கியிருந்ததையும் வாங்காதீர்கள். சந்தேகம் எழுந்தால் ஒரு சோதனை செய்யலாம். அசுவினி மொய்த்த ஓர் இலைத்துண்டைக் கரைசலில் தோய்த்து, நனைந்த பஞ்சோடு மூடிய டப்பாவில் நிழலில் வைத்து, தோய்க்காத இன்னொரு துண்டை வேறொரு டப்பாவில் வையுங்கள். ஒரு வாரத்தில் தோய்த்ததில் இறந்த அசுவினிகளின்மேல் வெண்பூஞ்சாணம் படர்ந்திருந்தால் சரக்கு உயிருள்ளது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்திலும் விசாரித்து, அவர்கள் பரிந்துரைக்கும் சரக்கை வாங்குவது மேல். சோற்றிலோ சோளத்திலோ வீட்டிலேயே வளர்ப்பதாகச் சொல்வோரும் உண்டு. கிருமி நீக்கத்தில் சிறிது பிசகினாலும் வேண்டாத பூஞ்சாணம் புகுந்து மனிதனுக்கே கேடு செய்யும் என்பதால் நான் அதை ஆதரிப்பதில்லை.

தெளிக்கும் முறை

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் தூள். ஒரு ஹெக்டேருக்கு 500 லிட்டர் கரைசலில் இரண்டரைக் கிலோ. கிணற்று நீரோ ஓடை நீரோ நல்லது. குளோரின் கலந்த குழாய்நீர் வித்தைக் கெடுக்கும். சிறிது நீரில் தூளைக் குழைத்து அரைமணி ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒட்டுத் திரவம் சேர்த்துத் தெளிப்பானில் ஊற்றுங்கள். வெர்டிசிலியத்தின் வித்து பிசுபிசுப்பானது. நீரில் எளிதில் கலக்கும். பிவேரியா, மெட்டாரைசியம் இவற்றின் வித்துகள் வறண்டு நீரை விலக்குபவை. அவற்றுக்கு ஒட்டுத் திரவம் தவிர்க்கமுடியாதது.

மாலை நாலு மணிக்குப் பிறகே தெளிக்கவேண்டும். அப்போது வெயில் தணிந்திருக்கும். தேனீயும் கூட்டுக்குத் திரும்பியிருக்கும். வாழையில் அகன்ற இலைகளின்மேல் அடிப்பது பயனற்றது. அடிமரத்தில் மண்ணையொட்டிய மட்டை இடுக்குகள், கன்றுகளின் குருத்து, இன்னும் விரியாத சுருள் இலை ஆகிய இடங்களே அசுவினியின் குடியிருப்பு. அங்கே நனையும்படி, தெளிப்பானின் மூக்கை நெருக்கிப் பிடித்து அடிக்கவேண்டும். ஏலத்தில் தூரின் அடியும் தட்டைகளின் மடல் இடுக்கும் இலக்கு. அசுவினி தோலுரிக்கும்போது மேலே ஒட்டிய வித்தும் கழன்றுபோவதால் ஒருமுறை தெளிப்பது போதாது. 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தாகவேண்டும். வேலையாள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வதும், ஆஸ்துமா உள்ளவரை இந்த வேலைக்கு அனுப்பாமலிருப்பதும் அவசியம். வித்துத் தூள் மூச்சில் ஏறினால் ஒவ்வாமை வரக்கூடும்.

பூஞ்சாணத்தைக் கொல்வதற்கென்றே உண்டானவை பூஞ்சாணக் கொல்லிகள் என்பதை அவசரத்தில் மறந்துவிடுகிறோம். ஏலக்காட்டில் அழுகல் நோய்க்காக மழைக்கு முன் போர்டோ கலவை அடிப்பது வழக்கம். வாழையில் இலைப்புள்ளிக்கு வேறு கொல்லிகளை அடிக்கிறார்கள். இவற்றுக்கும் நம் பூஞ்சாணத்துக்கும் இடையே இரண்டு வாரமேனும் இடைவெளி வேண்டும். போர்டோ கலவையின் தாமிரம் ஒட்டிய தெளிப்பானைக் கழுவாமல் இதற்குப் பயன்படுத்தினாலும் வித்து சாகும். தனித் தெளிப்பான் ஒன்று வைத்துக்கொள்வதே உத்தமம். வேப்பெண்ணெயையும் ஒரே தொட்டியில் கலக்காமல் சில நாள் விட்டு அடியுங்கள்.

கடைசியாக, பட்டுப்புழு வளர்ப்போர் தேனி மாவட்டத்தில் பலர் இருப்பதால் ஓர் எச்சரிக்கை. பிவேரியாவை உலகம் முதலில் அறிந்ததே பட்டுப்புழுவின் எமனாகத்தான். இத்தாலியில் லோடி நகரத்தருகே அகோஸ்தினோ பாசி என்பவர், பட்டுப்புழுக்கள் வெண்மையாய் விறைத்து இறக்கும் மஸ்கார்டின் நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சாணமே என்று 1835இல் வெளியிட்டார். நுண்ணுயிரால் ஒரு பிராணிக்கு நோய் வருகிறது என்று நிரூபித்த முதல் ஆராய்ச்சிகளுள் அது ஒன்று. அவர் பெயரையே அந்தப் பூஞ்சாணம் இன்றும் தாங்கியிருக்கிறது. ஆதலால் மல்பெரித் தோட்டத்திற்குப் பக்கத்திலும், புழு வளர்ப்பு மனையை ஒட்டிய வாழையிலும் பிவேரியாவைத் தெளிக்கவே கூடாது. அங்கே வெர்டிசிலியத்தைக் கைக்கொள்ளலாம்; அதையும் மல்பெரி இலையில் படாமல், காற்று மனையின் பக்கம் வீசாத மாலையில் தெளிக்கவேண்டும். தெளித்த ஆள் குளித்து, உடைமாற்றிய பின்னரே புழு மனைக்குள் நுழையலாம். வாழைக்குப் பயன்படுத்திய தெளிப்பானும் வாளியும் மல்பெரித் தோட்டத்தின் வரப்பைத் தாண்டலாகாது.